மரவள்ளத்தைக் கடலில் இறக்கும் முன்: நோர்வேயில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஈஸ்டர் லீவு முடிந்த கிழமையே எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். யாருக்கோ பக்கத்து வீட்டு நோர்வேக்காரக் கிழவர் தன் பழைய வள்ளத்தைச் சும்மா கொடுத்திருப்பார், இன்னொருவர் இணையத்தில் மலிவாகக் கண்டு ட்ரெய்லரில் ஏற்றி வந்திருப்பார், அதை வீட்டு முற்றத்தில் வைத்துவிட்டு மனைவியின் பேச்சுக்கு நடுவே எனக்கு எடுப்பார். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள். போன வருடம் ஒரே பதிலை ஏழு பேருக்குச் சொன்ன பிறகுதான் எழுதிவைப்போம் என்று தோன்றியது.

நான் தச்சன் இல்லை. பேர்கனுக்குத் தெற்கே ஒரு ஃபியோர்டுக் கரையில் பன்னிரண்டு வருடமாக ஒரு மரவள்ளம் வைத்திருக்கிறேன், அதை எனக்கு விற்ற கிழவர் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வசந்தத்திலும் வந்து நின்று நான் செய்வது பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். கீழே உள்ளதில் பாதி அவர் சொன்னது, மீதி அவர் சொன்னதைக் கேட்காமல் செய்து பழுதாக்கிப் படித்தது.

அண்ணை, இது என்ன வகை வள்ளம் என்றே எனக்குத் தெரியாது. எல்லா மரவள்ளத்துக்கும் ஒரே வேலைதானே?

இல்லை, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பலகைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறியிருக்கின்றனவா, அல்லது ஓரத்தோடு ஓரம் முட்டி வழவழப்பாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஊரில் கிடுகு வேய்ந்த கூரையில் மேல்வரிசை கீழ்வரிசைக்கு மேலே படிந்திருக்கும் அல்லவா, அதுபோல மேல்பலகை கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை வெளிப்பக்கமாக மூடியிருந்தால் அது கிளிங்கர் வள்ளம். இங்கே மேற்குக் கரையில் கிடைக்கும் பழைய வள்ளங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். வைக்கிங் கப்பல்களும் இப்படித்தான் கட்டப்பட்டன. 2021 டிசம்பரில் நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய நாடுகளின் கிளிங்கர் வள்ளக் கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது, ஆகவே உங்கள் முற்றத்தில் கிடப்பதைக் குப்பை என்று சொல்பவருக்கு அதைச் சொல்லலாம்.

நான்கு துடுப்பு உள்ளதை ஃபேரிங் என்பார்கள். ஐந்து மீட்டர் அளவு நீளம், இரண்டு பேர் ஆளுக்கு இரண்டு துடுப்பு வலிக்கலாம். பக்கத்துக்கு மூன்றே மூன்று அகலமான பலகை என்றால் அது ஓசெல்வர் வகையாக இருக்கக்கூடும், பேர்கனுக்குத் தெற்கே ஊஸ் பகுதிக்காரர்களின் பெருமை அது, அங்கே அதற்கென்றே ஒரு பட்டறை இன்றும் இயங்குகிறது. கீழே நான் எழுதுவது எல்லாம் கிளிங்கர் வள்ளத்துக்குத்தான். முட்டுப்பலகை வள்ளம் என்றால் பாதி பதில்கள் பொருந்தாது, சில பதில்கள் நேர்மாறாகும்.

எப்போது தொடங்க வேண்டும்? நோர்வேயின் தேசிய நாளான மே 17க்கு முன் இறக்க முடியுமா?

நாட்காட்டியைப் பார்த்து இல்லை, வானத்தைப் பார்த்து. பூச்சு வேலைக்கு மரம் காய்ந்திருக்க வேண்டும், வெயில் கொஞ்சமாவது சுட வேண்டும், பத்துப் பாகைக்குக் கீழே தார் பூசினால் அது மரத்துக்குள் இறங்காமல் மேலே பிசுபிசுவென்று கிடந்து ஒரு மாதத்துக்கு உங்கள் காற்சட்டையில் ஒட்டும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் அடுத்தடுத்து மூன்று காய்ந்த நாள் கிடைத்தால் லீவு போட்டாவது வேலையை முடியுங்கள். ஏப்ரல் நடுவில் கழுவிப் பரிசோதித்து வைத்துக்கொண்டால் அந்த மூன்று நாள் எப்போது வந்தாலும் நீங்கள் தயார்.

மே 17இல் கொடி கட்டி வள்ளம் ஓட்ட எல்லாருக்கும் ஆசைதான். நானும் நாலு வருடம் அதற்காக அவசரப்பட்டேன். இப்போது ஜூன் முதல் கிழமை என்றாலும் கவலைப்படுவதில்லை.

முதல் வேலை என்ன? நேரே பெயின்ற் அடிக்கலாமா?

அடிக்கவே கூடாது. முதலில் உள்ளே கிடக்கும் தளப்பலகைகளை எடுத்து வெளியே போடுங்கள், அவற்றின் கீழேதான் போன வருடத்து மீன் செதில், இலை, மண், ஒரு சின்னக் காட்டின் அளவு குப்பை இருக்கும், அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மரத்தைத் தின்னும். மெல்லிய தூரிகையும் கடல்தண்ணீரும் போதும். உயரழுத்தத் தண்ணீர் பீய்ச்சும் இயந்திரத்தை அண்டவிடாதீர்கள், ஒரு நண்பர் அதைக் கொண்டு கழுவிப் பழைய மரத்தின் மென்மையான இழையை எல்லாம் கிளப்பிவிட்டார், பலகை சீப்புப்போல் நின்றது.

மரம் உக்கியிருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது?

கண்ணால் பார்த்தால் தெரியாது. ஒரு கூரான ஊசி அல்லது சின்னக் கத்தி எடுத்து மெதுவாகக் குத்திப் பாருங்கள். நல்ல மரம் எதிர்க்கும், எடுக்கும்போது கத்தியைப் பிடித்திழுக்கும். உக்கிய மரம் பனங்கட்டிபோல உள்ளே விடும். கைமுட்டியால் தட்டினாலும் தெரியும், நல்ல இடம் டக் என்று சொல்லும், உக்கல் இடம் சத்தமே போடாது.

பார்க்க வேண்டிய இடங்கள்: முன்னாலும் பின்னாலும் பலகைகள் வந்து நுனிமரத்தில் சேரும் இடம், அடிமரத்துக்கு ஒட்டிய முதல் பலகை, வங்குகளின் நுனி (வங்கு என்றால் உள்ளே வளைந்து நிற்கும் விலா எலும்புகள், ஊரிலும் அதே பெயர்தான்), மேல்விளிம்புச் சட்டத்தின் கீழ்ப்புறம். மழைத்தண்ணீர் தங்கும் இடமெல்லாம் சந்தேகத்துக்குரியது. ஒரு வங்கின் நுனி மட்டும் உக்கியிருந்தால் பயப்படாதீர்கள், அது ஒட்டுப்போடக்கூடியது. அடிமரத்தின் ஓரம் முழுக்கக் கத்தி இறங்கினால் அது வார இறுதி வேலை இல்லை, ஒரு வள்ளத்தச்சனைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பலகைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரிகிறது. என்னை ஏமாற்றி விற்றுவிட்டானா?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்றாலும் பிழையில்லை. ஏமாற்றவில்லை. வள்ளம் காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மரம் ஈரத்தில் அகலும், காய்ந்தால் சுருங்கும், நீளவாட்டில் கிட்டத்தட்ட மாறாது ஆனால் குறுக்கு வாட்டில் நன்றாகவே மாறும். பனிக்காலம் முழுக்கக் கரையில் கிடந்த வள்ளம் சுருங்கி, பலகை ஏறும் இடங்களில் முடி அளவு இடைவெளி விடும். நோர்வேக்காரர் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள், யீஸ்தென். வாளியானாலும் வள்ளமானாலும் காய்ந்து ஒழுகினால் யீஸ்தென்.

என் முதல் வசந்தத்தில் இறக்கிய பத்து நிமிடத்தில் கணுக்கால் வரை தண்ணீர். நான் கரைக்குக் கத்திக்கொண்டே வந்தேன். கிழவர் வந்து பார்த்தார், ஒரு பைப்பைப் பற்றவைத்தார், வள்ளத்தைத் திரும்பவும் தண்ணீருக்குள் தள்ளிவிட்டு ஒரு கயிற்றால் கல்லில் கட்டினார், நாளை வா என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வள்ளம் விளிம்பு வரை தண்ணீரோடு நின்றது. அதற்கு மறுநாள் இறைத்தோம். மூன்றாம் நாள் உள்ளே வந்தது ஒரு தேநீர்க் கோப்பை அளவு. நான் இடையில் கடைக்குப் போய் வாங்கி வந்திருந்த மூன்று குழாய் சிலிக்கன் இன்னும் கராஜில் காய்ந்துபோய்க் கிடக்கிறது.

ஊறவைப்பது என்றால் சரியாக எப்படிச் செய்வது?

இரண்டு வழி. முதல் வழி கரையில்: வள்ளத்தை நிமிர்த்தி வைத்து, பழைய கோணிச்சாக்கு, துவாய், போர்வை என்று கிடைத்ததை உள்ளே பலகைகளின் மேல் விரித்து, கடல்தண்ணீர் ஊற்றி ஊற்றி ஈரமாகவே வைத்திருங்கள். காலையும் மாலையும் ஊற்றினால் போதும். மூன்று நான்கு நாளில் பெரிய வெளிச்சமெல்லாம் மூடிவிடும். வெயிலடித்தால் மேலே ஒரு துணி போடுங்கள்.

இரண்டாம் வழி மேலே கிழவர் செய்தது, ஆழமில்லாத அமைதியான இடத்தில் வள்ளத்தை மிதக்கவிட்டு அது தானே நிரம்பட்டும் என்று விடுவது. மரவள்ளம் நிரம்பினாலும் அடியில் போகாது, மரம் மிதக்கும், ஆனால் அலையடித்தால் பாறையில் மோதும். மணலோ சேறோ உள்ள இடம் பாருங்கள், கூரான கல்லை எடுத்துவிடுங்கள், வற்றும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்காதபடி கட்டுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கரையில் வைத்துக்கொண்டு விளிம்பு வரை தண்ணீர் நிரப்பாதீர்கள். நிரம்பிய ஃபேரிங்கில் அரை டன்னுக்கும் மேல் தண்ணீர் இருக்கும், கடலில் அந்தப் பாரத்தை வெளித்தண்ணீர் தாங்கும், கரையில் இரண்டு கட்டையும் உங்கள் ஆணிகளும்தான் தாங்க வேண்டும். அதேபோல நிரம்பிய வள்ளத்தை அப்படியே இழுக்க முயல்வதும் வேண்டாம், முதுகும் போகும் வள்ளமும் போகும். இறைத்துவிட்டு இழுங்கள்.

வீட்டில் ஹோஸ் இருக்கிறது. குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தால் என்ன?

ஊறும். ஆனால் உக்கலுக்குக் காரணமான பூஞ்சைக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், உப்பு பிடிக்காது. அதனால்தான் பழைய ஆட்கள் வள்ளத்துக்குள் கைப்பிடி உப்பைத் தூவிவைப்பார்கள். மரவள்ளத்தைக் கொல்வது கடல் இல்லை, மழை. ஹோஸ்தான் கிடைக்கும் என்றால் வாளிக்கு இரண்டு மூன்று பிடி கல்லுப்புப் போட்டுக் கரைத்து ஊற்றுங்கள்.

ஊரில் பஞ்சு வைத்து அடிப்பார்களே, கலப்பத்து. அதைச் செய்தால் ஒரே நாளில் முடியுமே?

இதை என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் வல்வெட்டித்துறை, மீதி மயிலிட்டி. என் மாமனாரும் அதில் ஒருவர். இங்கே வந்த முதல் வருடமே வள்ளத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கலப்பத்து இல்லாமல் இது என்ன வள்ளம், எங்கள் ஊரில் கட்டின அன்னபூரணிக் கப்பல் 1938இல் அமெரிக்கா வரைக்கும் போனது தெரியுமா என்று கேட்டார். தெரியும் மாமா, ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்கிறீர்கள்.

அவர் சொல்வது அவருடைய வள்ளத்துக்குச் சரி. முட்டுப்பலகை வள்ளத்தில் இரண்டு பலகைக்கு நடுவே ஆப்புப்போல ஒரு பள்ளம் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும், அதில் பஞ்சையோ நாரையோ உளியால் அடித்து இறக்கி மேலே கீல் ஊற்றுவார்கள், பலகைகள் ஒன்றையொன்று இறுக்கித் தாங்கும். கிளிங்கரில் அந்தப் பள்ளமே கிடையாது. பலகைகள் ஒன்றின் மேல் ஒன்று படிந்து செப்பு ஆணியால் தைக்கப்பட்டிருக்கின்றன. அந்தப் படிவுக்குள் உளியை வைத்து அடித்தால் நீங்கள் செய்வது அடைப்பு இல்லை, ஆப்பு வைத்துப் பிளப்பது. பிறகு பலகை ஊறி அகலும்போது உள்ளே போன பஞ்சு இடம் கொடுக்காது, ஆணி இழுபடும், ஆணித்துளை பெரிதாகும், சில வேளை பலகை ஓரமே ஆணி வரிசையோடு பிளந்துவிடும்.

இங்கே அடைப்பு கட்டும்போதே வைக்கப்படும். தாரில் தோய்த்த ஆட்டு ரோம நூலை இரண்டு பலகையும் படியும் இடத்தில் நெடுக வைத்துவிட்டு ஆணி அடிப்பார்கள். பழைய வள்ளத்தில் கறுப்பு மயிர்போல ஏதாவது எட்டிப் பார்த்தால் இழுக்காதீர்கள், அது அழுக்கு இல்லை.

சரி, கலப்பத்து வேண்டாம். சிலிக்கன், சிக்காஃப்ளெக்ஸ் மாதிரிக் குழாயில் வரும் பசைகள்?

மேலே சொன்ன அதே காரணம், கூடவே இன்னொன்று: அது ஒரு தடவை ஒட்டினால் பிறகு தாரும் எண்ணெயும் அந்த இடத்தில் பிடிக்காது, உள்ளே போன ஈரமும் வெளியே வராது. அடுத்த தச்சன் உங்களைத் திட்டுவான். பலகையின் நடுவில் இழை வழியே உள்ள மெல்லிய வெடிப்புக்கு மட்டும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்த மென்மையான புட்டி வைக்கலாம், அது மரத்தோடு நெகிழும்.

இரண்டு கிழமை ஊறியும் ஒரே இடத்தில் ஒழுகுகிறது. இப்போது?

இப்போதுதான் அது உண்மையான ஒழுக்கு. மூன்று நாலு நாளில் மூடாதது ஒரு கிழமையில் மூடலாம், ஒரு கிழமையில் மூடாதது தானாக மூடுவது குறைவு. வள்ளத்தைக் கரையேற்றி வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள், எங்கே சொட்டு வருகிறது என்று வெளியே படுத்துக்கிடந்து பாருங்கள், சோக்கால் அடையாளம் வையுங்கள். பெரும்பாலும் ஒரு ஆணியைச் சுற்றித்தான் இருக்கும்.

செப்பு ஆணி தளர்ந்திருந்தால் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே ஆணித்தலையில் ஒரு கனமான இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் உள்ளே வாஷருக்கு மேல் நசுங்கியிருக்கும் நுனியில் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். தட்ட வேண்டும் என்றுதான் எழுதினேன், அடிக்க வேண்டும் என்று இல்லை. பலமாக அடித்தால் ஆணி பலகைக்குள்ளேயே வளைந்துவிடும், மேலே இறுகியதுபோல் இருக்கும், உள்ளே இன்னும் தளர்வுதான். பக்கத்து ஆணிகளையும் தட்டிப் பாருங்கள், சத்தத்தில் வித்தியாசம் தெரியும். என் மகளுக்கு எட்டு வயதிலேயே அந்தக் காது வந்துவிட்டது, எனக்கு வர மூன்று வருடம் எடுத்தது.

ஆணி இரும்பாக இருந்து அதைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் தட்டிப் பயனில்லை. துரு மரத்தையும் தின்றிருக்கும். எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும், அது ஒன்றிரண்டு என்றால் நீங்களே செய்யலாம், வரிசையாக என்றால் முன்பு சொன்ன தச்சன்தான்.

தாரா, எண்ணெயா, பெயின்றா, வார்னிஷா?

வள்ளம் இதுவரை எதை உடுத்தியிருந்ததோ அதையே தொடர்வதுதான் சுகம். தார் பூசிய மரத்தின் மேல் பெயின்ற் நிற்காது. பெயின்ற் உள்ள மரத்தின் மேல் பூசிய தார் உள்ளே இறங்காது.

தெரிவு உங்கள் கையில் இருந்தால் என் ஓட்டு தாருக்கு. இது வீதிக்குப் போடும் தார் இல்லை, பைன் மரத்தின் வேரையும் அடிக்கட்டையையும் மூடிய சூளையில் வேகவைத்து வடித்தெடுப்பது, தேன் நிறம், கருவாடு புகைபோட்ட குடிசையின் வாசம். நோர்வேச் சொல் ஷேரே. தார் உள்ளே இறங்கும், மரம் மூச்சுவிடும், அடுத்த வருடம் சுரண்டாமல் மேலேயே பூசலாம். வார்னிஷ் முதல் வருடம் கலியாண வீட்டு மேசைபோல மின்னும், இரண்டாம் வருடம் எங்கோ ஒரு மயிரிழை வெடிக்கும், அதற்குள் தண்ணீர் போய் வெளியே வர வழியில்லாமல் மரம் கறுக்கும், பிறகு முழுவதையும் சுரண்ட வேண்டும். வார்னிஷ் வைத்திருக்கும் நண்பர்கள் கோபிக்க வேண்டாம், உங்கள் வள்ளம் வடிவுதான், ஆனால் நீங்கள் கடலில் இருந்ததைவிட உப்புத்தாளோடு இருந்ததுதான் அதிகம்.

தார் கலவை அளவு என்ன?

தார் ஒரு பங்கு, ஆளிவிதை எண்ணெய் ஒரு பங்கு, டர்ப்பன்டைன் ஒரு பங்கு. இதுதான் ஊர் வழக்கு. முதல் பூச்சுக்கு மரம் மிகவும் காய்ந்து வெளுத்திருந்தால் டர்ப்பன்டைனைக் கொஞ்சம் கூட்டலாம். கலவையைச் சுடுதண்ணீர் வாளிக்குள் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் ஒருபோதும் வேண்டாம், டர்ப்பன்டைன் ஆவி பற்றும்.

மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் கழித்து மரம் குடிக்காமல் மேலே நிற்பதைத் துணியால் துடைத்துவிடுங்கள். இதுதான் எல்லாரும் விடும் இடம். மரம் குடித்தது மட்டும்தான் வேலை செய்யும், மேலே நிற்பது பிசுபிசுக்கத்தான் உதவும். இரண்டு மெல்லிய பூச்சு, நடுவே சில நாள்.

எண்ணெய்த் துணி தானாகத் தீப்பிடிக்கும் என்கிறார்கள். சும்மா பயமுறுத்தலா?

உண்மை. ஆளிவிதை எண்ணெய் காய்வது தண்ணீர் காய்வதுபோல் ஆவியாகி இல்லை, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுவதால், அப்போது சூடு பிறக்கும். துணியைச் சுருட்டிக் குப்பை வாளியில் போட்டால் அந்தச் சூடு வெளியே போக வழியில்லாமல் கூடிக் கூடிச் சில மணி நேரத்தில் புகையும், பற்றும். முந்தைய பதிலில் துடைத்த துணி இருக்கிறதே, அதுவும் இதில் அடக்கம். ஒன்று தண்ணீர் வாளிக்குள் போடுங்கள், அல்லது வெளியே கம்பியில் விரித்துக் காயப்போடுங்கள். கராஜ் மூலையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள்.

பழைய பெயின்ற் உரிகிறது. எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

உரிவதை மட்டும். கெட்டியாகப் பிடித்திருப்பதை விடுங்கள், விளிம்பை 80 இலக்க உப்புத்தாளால் தேய்த்துச் சமப்படுத்தி, பிறகு 120. பெல்ட் இயந்திரம் வேண்டாம், பலகையின் விளிம்பையும் ஆணித்தலையையும் சேர்த்துத் தின்னும்.

செம்மண் நிறத்தில், சிலவேளை செம்மஞ்சளாக, அடியில் ஒரு பூச்சுத் தெரிந்தால் நில்லுங்கள். பழைய வள்ளங்களில் அது ஈயச் சிந்தூரமாக இருக்கக்கூடும். காய்ந்த தூளாகத் தேய்க்காமல் ஈரமாகத் தேயுங்கள், நல்ல முகமூடி போடுங்கள், கீழே விரிப்பு விரித்துச் சுரண்டலை அள்ளி ஆபத்தான கழிவு எடுக்கும் இடத்தில் கொடுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு அந்தப் பக்கம் விடவேண்டாம்.

ஊறவைத்த பிறகு பூசுவதா, பூசிய பிறகு ஊறவைப்பதா?

பூசிய பிறகு. ஈரமான மரம் எண்ணெயைக் குடிக்காது. ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது, நல்ல கேள்வி கேட்பவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்: மரம் நன்றாகக் காய்ந்து வெளிச்சம் தெரியும்போது பூசினால் அந்த இடைவெளிக்குள் பூச்சுப் போய் அடைத்து, பிறகு ஊறும்போது கலப்பத்துப் பதிலில் சொன்ன அதே ஆப்பு வேலை நடக்காதா? மெல்லிய தார்க் கலவையால் நடக்காது, அது மென்மையாகவே இருக்கும், இடம் கொடுக்கும். தடித்த பெயின்றை இடைவெளிக்குள் தூரிகையால் திணித்தால் நடக்கும். ஆகவே பெயின்ற் அடிப்பவர்கள் படிவின் ஓரத்தை மெல்லியதாகத் தடவிவிட்டு நகருங்கள். பூசி ஒரு கிழமையாவது கழித்து ஊறவையுங்கள்.

துடுப்புக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

கைப்பிடிக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் உள்ளங்கை கொப்பளிக்கும். வெறும் எண்ணெய் போதும். துடுப்பு உராயும் இடத்தில் தோல் சுற்றியிருந்தால் தையல் பிரிந்திருக்கிறதா என்று பாருங்கள், அந்த இடத்துக்குக் கொழுப்புத் தடவினால் கிறீச்சிடாது. துடுப்பு தாங்கும் மரக்கொக்கியைக் கைப் என்பார்கள், அதில் துடுப்பை வைத்திருக்கும் கயிற்று வளையம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு வருடமும் அதை மாற்றுங்கள். பின்னோக்கித் தள்ளும்போது முழுப் பாரமும் அந்தச் சின்ன வளையத்தில்தான், நடுக்கடலில் அறுந்தால் நீங்கள் வட்டம் சுற்றுவீர்கள்.

லைசென்ஸ் வேண்டுமா? லைஃப் ஜாக்கெட் கட்டாயமா?

1980 ஜனவரி 1இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் எட்டு மீட்டருக்கு மேற்பட்ட வள்ளம் அல்லது 25 குதிரைவலுவுக்கு மேற்பட்ட இயந்திரம் ஓட்டத்தான் பரீட்சை எழுத வேண்டும். துடுப்பு வள்ளத்துக்கு வேண்டாம். ஆனால் எட்டு மீட்டருக்குக் குறைந்த வள்ளம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதில் திறந்தவெளியில் இருக்கும் எல்லாரும் மிதவை அங்கி போட்டிருக்க வேண்டும் என்பது 2015 மே 1 முதல் சட்டம். வள்ளத்தில் வைத்திருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். நாங்கள் கடற்கரையில் பிறந்தவர்கள், நீந்தத் தெரியும் என்று யாரும் எனக்குச் சொல்லவேண்டாம். மே மாதத்து ஃபியோர்டுத் தண்ணீர் மயிலிட்டித் தண்ணீர் இல்லை, குளிர் முதலில் மூச்சைப் பிடிக்கும், பிறகு கையைப் பிடிக்கும்.

இறக்கும் நாளில் எல்லாரும் எதை மறப்பார்கள்?

அடைப்பானை. வள்ளத்தின் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கும், அதன் மூடிக்கு நீக்ளே என்று பெயர். பனிக்காலத்தில் மழைத்தண்ணீர் வடியட்டும் என்று கழற்றி வைத்திருப்பீர்கள். எங்கே வைத்தீர்கள்? நான் ஒரு வருடம் ஐந்து பேரோடு, மீன் தூண்டில், ரோல்ஸ் பெட்டி எல்லாவற்றோடும் தள்ளினேன், உள்ளே தண்ணீர் ஏற, காய்ந்த வள்ளம்தானே ஊறிவிடும் என்று நானே எல்லாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன், மச்சான்தான் குனிந்து பார்த்துவிட்டு, அண்ணை இது ஊறாது, இது ஓட்டை என்றான். இப்போது அடைப்பானை இறைக்கும் கரண்டியோடு கட்டிவைக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் கரையில் இழுக்க வேண்டுமா, தண்ணீரிலேயே விடலாமா?

கோடை முழுக்க விடலாம், அப்போதுதான் பலகை இறுகியே இருக்கும். இரண்டு விஷயம் மட்டும் கவனியுங்கள். ஒன்று மழை, உள்ளே நிற்கும் மழைத்தண்ணீரை அடிக்கடி இறையுங்கள், காரணம் ஹோஸ் பதிலில் இருக்கிறது. மற்றது கடல்புழு. பூச்சில்லாத மரத்தில் துளைபோட்டு உள்ளே குடியேறும் ஒரு சிப்பி இனம் அது, வெளியே ஊசித்துளை, உள்ளே சுருட்டு அளவுப் பொந்து. அடிப்பாகத்தில் பூச்சு உரிந்த இடத்தை விட்டுவைக்காதீர்கள், இடைக்கிடை இழுத்துக் காயவிட்டால் அதற்கும் பாசிக்கும் சேர்த்து நல்லது. அதிக நாள் வேண்டாம், ஒன்றிரண்டு நாள்.

அடுத்த பனிக்காலத்துக்கு எங்கள் கராஜில் வைக்கலாமா? ஹீற்றர் இருக்கிறது.

ஹீற்றர் இருப்பதுதான் பிரச்சினை. சூடான கொங்கிறீட் கராஜ் மரத்தைக் கருவாடாக்கும், அடுத்த வசந்தத்தில் வெளிச்சம் தெரிகிறது என்று திரும்பவும் எனக்கு எடுப்பீர்கள். இங்கே கடற்கரையில் நாவுஸ்த் என்ற மரக்கொட்டில் இருக்கும், அதற்கு மண் தரை, பலகைச் சுவரில் காற்றுப் போகும். அதுதான் மரவள்ளத்துக்கு வீடு. அது இல்லாதவர்கள் வெளியே கவிழ்த்து, அடிமரம் வளையாதபடி இரண்டு மூன்று கட்டையில் சமமாகத் தாங்கவைத்து, நிலத்திலிருந்து ஒரு முழமாவது உயர்த்தி, மேலே தார்ப்பாய் கட்டுங்கள். பாய் வள்ளத்தை ஒட்டிக் கிடக்கக்கூடாது, இரண்டு நுனியிலும் காற்றுப் போகத் திறந்திருக்க வேண்டும்.

இவ்வளவு பாட்டுக்கு ஒரு ஃபைபர் வள்ளம் வாங்கலாமே அண்ணை?

வாங்கலாம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். 1956இல் நோர்வேக்கு வந்த குருநகர்க்காரர் அந்தோனி ராஜேந்திரத்தின் முயற்சியில் ஊரில் தொடங்கிய சீநோர் நிறுவனம், வலையோடு ஃபைபர் வள்ளமும் செய்தது, ஊரில் எத்தனையோ குடும்பம் ஃபைபர் வள்ளத்தில்தான் சாப்பிட்டது. உங்களுக்கு மீன்தான் வேண்டும், வள்ளத்தோடு பேச நேரமில்லை என்றால் மரவள்ளத்தை அதை விரும்பும் ஒருவருக்குக் கொடுத்துவிட்டு ஃபைபரை வாங்குங்கள். முற்றத்தில் உக்கவிடுவதைவிட அது நல்லது.

எல்லாம் செய்தேன், இன்னும் கொஞ்சம் தண்ணீர் வருகிறது. எவ்வளவு வரை சரி?

இரவு கட்டிவிட்டுக் காலையில் போய் இறைக்கும் கரண்டியால் எண்ணுங்கள். இரவில் மழை பெய்யாமல் இருந்திருக்க வேண்டும், இங்கே அதுதான் கஷ்டம். முதல் நாள் நூறு கரண்டி வரலாம். மறுநாள் நாற்பது, அதற்கு மறுநாள் பதினைந்து என்று குறைந்துகொண்டே போனால் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள். மூன்று நாளாக அதே நாற்பதில் நின்றால் சோக்கை எடுத்துக்கொண்டு ஒழுக்குப் பதிலுக்குத் திரும்பிப் போங்கள். என் வள்ளம் ஜூலையிலும் இரவுக்கு ஐந்து ஆறு கரண்டி குடிக்கும். காலையில் அதை இறைத்து முடிக்கும்போது என் பிளாஸ்கில் தேநீர் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது.